சனிக்கிழமை காலை மெக்சிகோ

இசைவாணி டீச்சரிடம் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. உண்மையில் அது இரண்டாவது. முதலாவது பத்து வருஷம் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்து, ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதி ஆகிப்போனது. அத்தோடு விட்டாளா என்றால் இல்லை. மதுரைக்குப் பஸ் ஏறி, வரிசையில் நின்று, விரல் ரேகை வைத்துப் புதுசு வாங்கி வந்தாள். அவள் புருஷன் கதிரவன் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவன். முகத்தில் சிரிப்பே காட்டாமல் கேலி பேசுவதில் கைதேர்ந்தவன்.

"ரேஷன் கார்டாவது மாசத்துக்கு ஒரு தடவ கடை வரைக்கும் போய்ட்டு வருது. ஒன் பாஸ்போர்ட்டு நம்ம ஆமத்தூரத் தாண்டிருக்கா?" என்பான்.

அவளுக்குக் கோபம் வராது. உள்ளதைத்தானே சொல்கிறான். ஆனால் எங்கேயாவது போக வேண்டும் என்கிற அந்த ஆசை மட்டும் நாற்பத்து மூன்று வயசிலும் அவளை விடவில்லை. போய் என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டால், போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆசையை அவளுக்குள் ஒட்டிவிட்டவர் அவள் அப்பா சங்கிலிமுத்து. நிஜமாகவே பசை போட்டு ஒட்டினார். விஸ்வநத்தத்தில் அவர்கள் வீட்டுச் சுவர் பொரிந்து பொரிந்து உதிரும். அவர் அச்சாபீஸில் பேப்பர் பண்டல் தூக்கும் வேலையில் இருந்ததால், கழித்துப் போட்ட காலண்டர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்து சுவர் முழுக்க ஒட்டிவிட்டார். பனிமலை, பூந்தோட்டம், ஏரியில் மிதக்கும் படகு. எல்லாம் நிறம் விலகி அச்சான தாள்கள். மலை ஒரு பக்கம் இருக்கும், அதன் சிவப்பு ஒரு நூல் தள்ளி நிற்கும். வெளிநாட்டு மலைகளுக்கெல்லாம் ஓரத்தில் சிவப்புக் கோடு உண்டு என்று நம்பியே வளர்ந்தாள் இசைவாணி. ஏழாம் வகுப்பில் ஒரு பணக்காரச் சிநேகிதி வீட்டில் கோடில்லாத பனிமலையைப் பார்த்துவிட்டு, இது டூப்ளிகேட் என்று அடித்துச் சொல்லிச் சண்டை போட்டவள் அவள்.

படித்து, பி.எட். முடித்து, விஸ்வநத்தம் பக்கத்திலேயே ஒரு உதவிபெறும் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராகச் சேர்ந்தாள். உலகத்துக்குப் போக நினைத்தவள் பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வந்து நின்றாள். கல்யாணமாகி ஆமத்தூருக்குப் போனதுதான் அவள் செய்த ஒரே வெளியூர்ப் பயணம் என்று கதிரவன் சொல்வான்.

பாடப் புத்தகத்தில் உலகத்துக்கு ஒரு குறையும் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை, அமேசான் காடு, ஆல்ப்ஸ் மலை எல்லாம் இருந்தன. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டிவிட்டுக் கையை உதறிக்கொண்டு போய்விடுவார்கள். வெளிநாடு என்றால் என்ன என்று ஒரு நாள் வகுப்பில் கேட்டாள். "நம்ம கம்பெனி மேனேஜர் மகன் வேல பாக்குற எடம் டீச்சர்" என்று பதில் வந்தது. அதில் தப்பும் இல்லை. அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அம்மா அப்பா பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயந்திரம் கொண்டுவந்து இறக்கும். அதற்கு அப்பால் ஒரு ஊர் இருக்கிறது என்று நம்புவதற்குப் பிள்ளைகளுக்குக் காரணம் வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் விருதுநகரில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. உலகளாவிய பார்வையோடு கற்பித்தல் என்று பெரிய பெயர் வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதி அரங்கம் உட்கார்ந்தபடியே தூங்கியது. இசைவாணி மட்டும் பசித்த பிள்ளை மாதிரி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பல நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து பேசும் ஒரு இணையக் குழு இருப்பதாக அங்கே சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அதில் சேர்ந்தாள். தன் ஊரைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டாள். பட்டாசு செய்கிற ஊர் என்று எழுதினாள்.

மறுநாளே பதில் வந்தது. எழுதியவள் லூர்தெஸ், மெக்சிகோவில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளி டீச்சர். எங்கள் ஊரிலும் பட்டாசுதான் செய்கிறோம், எங்கள் பிள்ளைகளின் பெற்றோரும் அந்த வேலைதான் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். இசைவாணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு கதிரவனிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டு, "ஒலகம் பூரா தேடி நீ கண்டுபிடிச்சது இன்னொரு சிவகாசியவா?" என்றான்.

இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய அரை நாள் வித்தியாசம். அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் இங்கே சனிக்கிழமை காலை. வேன் வந்து பெற்றோரை ஏற்றிக்கொண்டு போன பிறகு, ஏழரை மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். லேப்டாப்பைத் திறந்தால் அங்கே விளக்கு வெளிச்சத்தில் வேறு பிள்ளைகள். தீர்க்கரேகைப் பாடத்தைப் பத்து வருஷம் நடத்தியிருக்கிறாள். ஒரு பிள்ளைக்கும் உள்ளே இறங்கியதில்லை. "டீச்சர், அவங்க இன்னும் நேத்துலயே இருக்காக" என்று ரோஜா என்கிற பெண் வாயைப் பிளந்தாளே, அன்றைக்கு அந்தப் பாடம் வகுப்பு முழுக்க இறங்கியது.

இரண்டு பக்கத்துக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். அதனாலேயே யாருக்கும் கூச்சம் இல்லை. மதியம் என்ன சாப்பிடுவீர்கள், மிளகாய் எவ்வளவு போடுவீர்கள், வேலைக்குப் போகும்போது உங்கள் அம்மா என்ன துணி உடுத்துவாள். பருத்தி என்று இவர்கள் சொல்ல, பருத்தி என்று அவர்களும் சொன்னார்கள். உராய்ந்து பொறி கிளம்பிவிடக் கூடாது, அதற்காக. அதை விளக்க இரண்டு பக்கமும் யாருக்கும் இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

இந்த வகுப்புக்காக இசைவாணி வாரம் பூராவும் காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி கல்யாணப் பெண் மாதிரி சேலை எடுத்து வைப்பாள். லூர்தெஸின் முதுகுக்குப் பின்னால் தெரியும் சன்னலையும் அதில் எரியும் தெருவிளக்கையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தத் தெருவில் ஒரு தடவை நடந்துவிட்டு வந்தால் போதும் என்று இருக்கும். அவள் அம்மா மாரித்தாய்க்கு இது பிடிபடவே இல்லை. அறுபது தாண்டியும் கம்பெனி வேலையை விடாத மனுஷி. "ஊர்ப் புள்ளைகளுக்கெல்லாம் ஒலகத்தச் சுத்திக் காட்டுறியாமுல்ல. பெத்தவள ஒரு நா கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கியா?" என்று கேட்டாள். 

பள்ளிக்கூடச் செயலாளர் வெள்ளைத்துரைக்கும் இது பிடிபடவில்லை. அவர் இரண்டு பட்டாசுக் கம்பெனிக்கு முதலாளி. மாரித்தாய் வேலை பார்ப்பதும் அவர் கம்பெனியில்தான். மார்ச் மாதம், அடுத்த வருஷத்துக்கான பாடவேளையைப் பற்றிப் பேச இசைவாணி அவரிடம் போனாள். சனிக்கிழமை வகுப்பை விருப்பப்பட்டு வருவதாக இல்லாமல், எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளின் பாடமாகவே சேர்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"நம்ம புள்ளைகளுக்கு மெக்சிகோ எதுக்கு டீச்சர்?" என்றார் வெள்ளைத்துரை. "லண்டன்னு சொல்லுங்க, இங்கிலீஷாவது வரும். இவங்களும் நம்மள மாதிரித்தான் தட்டுத் தடுமாறுறாங்களாமே. புள்ளைக அம்மா அப்பா எங்கிட்ட வந்து கேக்காக, லீவு நாளும் எதுக்குக் கூப்புடுறீகன்னு."

"ஒரு தடவ வந்து பாருங்க சார். பாத்துட்டு வேண்டாம்னு சொன்னீகன்னா நிப்பாட்டிருதேன்."

வெளியே வந்த பிறகுதான் சொன்னது உறைத்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தச் சன்னல் மூடிவிடும். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அவள் பார்க்கக் கிடைத்த ஒரே வெளிநாடு அது.

அவர் வருகிற சனிக்கிழமைக்கு அவள் ஏற்பாடு பலமாக இருந்தது. செயலாளர் காதில் நன்றாக விழ வேண்டும் என்று ஆண்டு விழாவுக்கு வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸை இழுத்து வந்தாள். மேசை அதன் கனத்துக்கு ஆடியது. தரையில் இறக்கி வைத்தாள். அந்தத் தரை பிள்ளைகள் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் தரை.

வெள்ளைத்துரை வெள்ளை வேட்டியோடு வந்து கடைசியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாடம் தொடங்கியது. அங்கே லூர்தெஸின் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஜெயபாண்டி என்கிற பையன் எழுந்து, தான் வரைந்த வைப்பாற்றுப் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான். வெம்பக்கோட்டை அணை என்று அவன் விரல் வைத்த நேரம்.

டமார் என்றது.

பட்டாசு ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வெடிச் சத்தத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. கம்பெனிகளில் சாம்பிள் போட்டுப் பார்க்கிற சத்தம் தொட்டில் பிள்ளையைக்கூட எழுப்பாது. ஆனால் காலை நேரத்தில், ஏதாவது ஒரு கம்பெனியில் விபத்து என்றால் தரையோடு வருகிற ஒரு சத்தம் உண்டு. அதற்கு இந்த ஊரில் பேரே சத்தம்தான். சத்தம் கேட்டுச்சா என்று ஒருத்தர் கேட்டால், இன்னொருத்தர் எந்தச் சத்தம் என்று கேட்க மாட்டார். வாசலுக்கு ஓடி வந்து, எந்தத் திசையில் புகை தெரிகிறது என்று வானத்தைப் பார்ப்பார்.

தரை அதிர்ந்தது. அடுத்த விநாடி வகுப்பில் ஒரு பிள்ளை இல்லை. எல்லோருக்கும் முன்னால் ஓடியது யார் என்றால், இசைவாணி டீச்சர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அம்மா, அம்மா என்று மனசுக்குள் கத்திக்கொண்டே செருப்பில்லாமல் மைதானத்துக்கு வந்தாள். கிழக்கே பார்த்தாள், மேற்கே பார்த்தாள். வானம் சும்மா வெள்ளையாகக் கிடந்தது. போனை எடுத்து மாரித்தாயைக் கூப்பிட்டாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆளில்லாத வீட்டில் அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் ஒருத்தர் மூச்சிரைக்க வந்து நின்றார். வெள்ளைத்துரை. வேட்டி அவிழ்ந்து, ஒரு கையால் பிடித்திருந்தார். இன்னொரு கையில் போன்.

"கருப்பணா, எங்கலே? நம்மளா?" என்றார். அவர் குரல் அவர் குரலாக இல்லை.

"இங்கன ஒண்ணும் இல்லீங்க மொதலாளி. ஒரு சத்தமும் கேக்கலையே" என்றது எதிர்முனை. கருப்பணன் கம்பெனி வாசல் காவலாள்.

வெள்ளைத்துரை போனை மூடாமலே இசைவாணி பக்கம் திரும்பினார். "நம்மது இல்ல டீச்சர். ஒங்க அம்மாக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவர் கம்பெனியில் இத்தனை பேர் இருக்க, தன் அம்மாவை அவர் நினைவில் வைத்திருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைகள் இன்னும் சுவரோரம் நின்று எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

அப்போது மறுபடியும் டமார் என்றது. வகுப்பறைக்குள்ளிருந்து. கூடவே மேளமும் எக்காளமும் கேட்டன.

 ஜெயபாண்டிதான் முதலில் சொன்னான். "டீச்சர், வெடிச்சது மெக்சிகோவுல."

அழுத பெண்ணே சிரித்துவிட்டாள். வெள்ளைத்துரை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க இசைவாணிக்குத் தைரியம் இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தாள். டீச்சரே பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடுகிற வகுப்பை எந்தச் செயலாளர் பாடவேளையில் சேர்ப்பார்? அந்த ஸ்பீக்கரைத் தரையில் வைத்த கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது.

உள்ளே வந்தார்கள். திரையில் லூர்தெஸும் அவள் பிள்ளைகளும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை நேரமும் அவர்கள் ஆளில்லாத வகுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"மன்னியுங்கள்," என்றாள் லூர்தெஸ். "இன்று எங்கள் ஊர்ப் புனிதர் திருவிழா. நாள் முழுக்க வேட்டுப் போடுவார்கள். எங்கள் காதில் அது விழுவதே இல்லை, அதனால் சொல்ல மறந்துவிட்டேன்."

இசைவாணி, தாங்கள் ஏன் ஓடினோம் என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். அவள் முடிப்பதற்குள் அங்கே பிள்ளைகள் தலையாட்டிவிட்டார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் முன்னால் வந்தான். எமிலியோ என்று பேர். எத்தனையோ சனிக்கிழமை வந்திருக்கிறான், ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஓடவேண்டிய சத்தம் எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தெரியும், ஆனால் எப்படித் தெரியும் என்று யாரும் யோசித்ததில்லை. இசைவாணி கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொன்னாள். கடைசி நாற்காலியிலிருந்து வெள்ளைத்துரை எழுந்தார். நடந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார். அந்தப் பையனைப் பார்த்து, அவனுக்குத் தமிழ் தெரியும் என்பது போலவே பேசினார்.

"தம்பி, வேட்டுச் சத்தம் காதுல கேக்கும். இது கால்ல கேக்கும். மொதல்ல கால்லதான் கேக்கும்."

இசைவாணி அதை இங்கிலீஷில் சொன்னாள். லூர்தெஸ் அதை அவர்கள் மொழியில் பையனிடம் சொன்னாள். அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். அப்புறம் ஏதோ சொன்னான். லூர்தெஸ் உடனே அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றான் டீச்சர்?" என்றார் வெள்ளைத்துரை.

லூர்தெஸ் மெதுவாகச் சொல்ல, இசைவாணி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். அதுவும் ஒரு திருவிழா நாள். வேட்டுப் போதவில்லை என்று அவன் அம்மா வேட்டுச் செய்யும் பட்டறைக்குப் போயிருந்தாள். சத்தம் கேட்டது. திருவிழாச் சத்தம் என்று ஊரே நினைத்தது. அவனும் அப்படித்தான் நினைத்தான். "என் காலில் கேட்கவில்லை," என்கிறான். "நான் ஆடிக்கொண்டிருந்தேன்."

 இசைவாணிக்கு அந்த ஊருக்குப் போக வேண்டும் போல இருந்தது. எத்தனையோ வருஷமாக எங்கேயாவது போக வேண்டும் என்று இருந்ததெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. இப்போதே கிளம்ப வேண்டும். மலை பார்க்க வேண்டாம், தெரு பார்க்க வேண்டாம். அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீ ஆடியது தப்பில்லை என்று அவன் தலையில் கை வைத்துச் சொல்ல வேண்டும். கை நீட்டினால் கண்ணாடித் திரைதான் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் முகம் தெரிகிற ஊர் இவ்வளவு தூரத்தில் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

ரோஜா எழுந்து நின்றாள்.

"டீச்சர், அவங்க ஊர்லதான் திருவிழான்னா நாள் பூரா வேட்டுப் போடுறாகளே, அவங்களுக்குப் பிரிச்சுத் தெரியாது. நமக்குத் தெரியும்ல. நாம இங்கனருந்து கேட்டு, இது நெசச் சத்தம், ஓடுங்கன்னு அவங்களுக்குச் சொல்ல முடியுமா?"

முடியாது என்றுதான் பூகோளம் படித்தவள் சொல்ல வேண்டும். நடுவில் சமுத்திரம் இருக்கிறது, அரை நாள் இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் திறக்கிற சன்னல் அது, அதுவும் இன்றைக்கு மூடப்போகிற சன்னல். இசைவாணி வெள்ளைத்துரையைப் பார்த்தாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எமிலியோ இன்னும் தன் காலைப் பார்த்தபடியே நின்றிருந்தான்.

"முடியும்னு சொல்லுங்க டீச்சர்," என்றார். "வாராவாரம் பேசப்போறீகல்ல, முடியும்னு சொல்லுங்க."

அவள் முதலில் ரோஜாவிடம் சொன்னாள். பிறகு திரும்பி, அந்தப் பையனிடமும் சொன்னாள்.